மேனேஜரின் வாய்

அரங்கத்துக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்த்தது தம்பியின் படத்தைத்தான். மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல், சுவரையே மறைத்துக்கொண்டு நின்றது. ஒரு நொடி அது யார் என்றே தெரியவில்லை. தப்பான கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசல் பலகையில் தம்பியின் பெயர்தான் இருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தாள். நெற்றி அவனுடையது. கண்கள் அவனுடையவை. வாயை மட்டும் யாரோ மூடியிருந்தார்கள்.

முப்பத்து நான்கு வருஷம் மூடாமல் இருந்த வாய் அது. பிறந்ததிலிருந்தே அவனுடைய கை, கால், தாடை எதுவும் அவன் சொல்பேச்சைக் கேட்டதில்லை. இடது ஓரம் தொங்கி, அங்கிருந்து எச்சில் ஒரு நூலாக எப்போதும் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வாயைக் கம்ப்யூட்டரில் இழுத்து, உதட்டோடு உதடு சேர்த்து, ஓரத்தில் அடக்கமான ஒரு புன்னகையையும் ஒட்டிவிட்டிருந்தார்கள். சாய்ந்த கழுத்து நிமிர்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் துண்டு காணாமல் போய், கோட்டும் டையும் வந்திருந்தன. தோள்கள் வேறு எவனுடையவோ. எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒருத்தனின் உடம்பில் தம்பியின் தலையை வெட்டிப் பொருத்தின மாதிரி இருந்தது.

படத்துக்குக் கீழே, அவனே சொன்னது போல மேற்கோள் குறிகளுக்குள் ஒரு வரி: “என் புன்னகையே என் சிறகு.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சட்டென்று முகம் சுளிக்கிற ஆள் அல்ல அவள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் பதினைந்து வருஷமாகக் கறை மேசையில் நிற்கிறவள். மற்றவர்கள் இரண்டு விரலால் தூக்கிப் போடுகிற துணியெல்லாம் அவளிடம்தான் வரும். வாந்தி, ரத்தம், பெயர் சொல்ல விரும்பாத மற்றதெல்லாம். அவள் விரித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், எந்தக் கறை என்று முடிவுசெய்வாள். ரத்தத்துக்கும் எச்சிலுக்கும் பச்சைத் தண்ணீர்தான். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் கறை துணியோடு சேர்ந்து வெந்துவிடும். ‘கறையக்கா’ என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். எந்தப் படுக்கை விரிப்பைப் பார்த்தும் ஓங்கரிக்காதவளுக்கு, துடைத்துவைத்த மாதிரி இருந்த இந்தப் படத்தைப் பார்த்ததும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

முன்வரிசையிலிருந்து அண்ணன் கையைக் காட்டிக் கூப்பிட்டான். தம்பியைவிடப் பதின்மூன்று வயது மூத்தவன். ஒரு சேவைச் சங்கத்தில் போன வருஷம் சேர்ந்திருந்தான். அந்தச் சங்கம், உடல் ஊனமுள்ள குழந்தைகளுக்காகப் பயிற்சிக்கூடம் ஒன்றைக் கட்டி முடிக்கவும், தம்பி போய்ச் சேரவும் சரியாக இருந்தது. கூடத்துக்குத் தம்பி பெயரை வைக்கலாம், முப்பதாம் நாள் ஒரு நினைவுக் கூட்டமும் போடலாம் என்று தீர்மானம்.

அதற்காகத்தான் அண்ணன் போன வாரம் போன் செய்தான்.

“அவன் போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்பு.”

“எல்லாமே நல்ல போட்டோதான்.”

“அது சரி... இருந்தாலும், நாலு பேர் பாக்கற மாதிரி.”

அவள் தனக்குப் பிடித்ததை அனுப்பினாள். ஜன்னலோரம், கட்டம் போட்ட சிவப்புச் சட்டை, அதற்கு ஏற்ற சிவப்புத் துண்டு, அண்ணாந்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற படம். அதைத்தான் இப்படி ஆக்கியிருந்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான் அண்ணன், அவள் உட்கார்ந்ததும்.

“யாரு இது?”

பக்கத்தில் அண்ணி கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

தம்பியைத் தெருவில் எல்லோரும் ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அக்காவும் தம்பியும் மட்டும் இருந்த இரண்டாம் மாடி வீட்டில், தெருவைப் பார்த்த ஜன்னல்தான் அவனுடைய ஆபீஸ். காலை ஏழு மணிக்குச் சக்கர நாற்காலியை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் சத்தம் போடுவான். யார் வண்டியை யார் வாசலில் நிறுத்துகிறார்கள், எந்த வீட்டில் தண்ணீர் நிரம்பி வழிகிறது, எதிர் வீட்டுக்காரர் யாருக்குப் பயந்து பின்பக்கமாகப் போகிறார், எல்லாக் கணக்கும் அவனிடம் இருக்கும். யாராவது குப்பையை ஓரமாகத் தள்ளினால் மேலேயிருந்து ஓர் அதட்டல் வரும். மற்றவர்கள் காதுக்கு அது வெறும் ‘ஆ...ஏ...’தான். ஆனால் என்ன திட்டு என்பது குப்பை போட்டவனுக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்து அள்ளிக்கொண்டு போவான்.

அவன் பேசுவது அவளுக்கு முழுசாகப் புரியும். வேலை முடிந்து வந்ததும் அன்றைய ரிப்போர்ட்டைக் கேட்க வேண்டும். பாதி வம்பு, பாதி வசவு. சீட்டு விளையாடினால் கூசாமல் ஏமாற்றுவான். அவன் சீட்டை எடுத்துப் போடுகிறவள் அவள்தான், இருந்தும் எப்படி ஏமாற்றுகிறான் என்பதை அவளால் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. குழைத்த சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு. துண்டின் நிறம் சட்டைக்குப் பொருந்தாவிட்டால் வெளியே வர மாட்டான். எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடிக்காதது ஒரே ஒரு வார்த்தை: ‘பாவம்.’ அதைச் சொல்கிறவர்கள் கிட்டே வந்து தலையைத் தடவினால், வாகாகக் கை கிடைக்கிற நேரம் பார்த்துக் கடித்துவிடுவான்.

போன மாசம் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். அவனிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அவனை விட்டுவிட்டு அவளிடம்தான் கேட்டார்கள். “இவருக்குப் புரியுமா?” என்று ஒரு நர்ஸ் கேட்டபோது, ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்தே, “உன்னவிட நல்லாவே புரியும்னு சொல்லு” என்றான். அவள் சொன்னாள். அந்த நர்ஸ் அதற்குப் பிறகு அவனையே பார்த்துப் பேசினாள். ஆறாம் நாள் காலையில் போய்விட்டான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். “அவனுக்கும் விடுதலை. உனக்கும் விடுதலை.” அந்த வார்த்தை, குடிக்கிற தண்ணீரோடு ஈ ஒன்று உள்ளே போனது போல, முப்பது நாளாகத் தொண்டையிலேயே கிடந்தது.

கூட்டம் தொடங்கியது. முதலில் ஒருவர், பிறகு இன்னொருவர். இரண்டு பேருமே தம்பியைப் பார்த்தவர்கள் இல்லை. ‘தெய்வக் குழந்தை’ என்றார் ஒருவர். முகத்தில் தாடி முளைத்து, வாரம் ஒருமுறை சவரம் செய்துகொண்டு, பிசியோதெரபி கொடுக்க வந்த பெண்ணை இரண்டு வருஷம் ஒருதலையாகக் காதலித்து, அவளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்ட அன்று ஒரு நாள் முழுக்க ஜன்னல் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஆண்பிள்ளை, குழந்தையாம். ‘மாசு மருவற்ற உள்ளம்’ என்றார் அடுத்தவர். அந்த உள்ளத்தில் எவ்வளவு மாசு இருந்தது, அதில் எவ்வளவு ருசி இருந்தது என்பது அவளுக்கல்லவா தெரியும்.

அடுத்து சங்கத்தின் தலைவியம்மா எழுந்தார்.

“நான் அவரை நேரில் சந்தித்திருக்கிறேன்” என்று ஆரம்பித்தார். “அவருக்கு ஒரு சக்கர நாற்காலி வழங்கினோம். அன்று அவர் என் விரலைப் பற்றிக்கொண்டார். விடவே மாட்டேன் என்றார். அந்த ஸ்பரிசத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.”

மறக்க முடியாதுதான். பற்றியது பல்லால். இரண்டு வருஷத்துக்கு முன் போட்டோகிராபரோடு வந்து, முப்பத்திரண்டு வயசு ஆளின் கன்னத்தைக் கிள்ளி, “பாவம், சமத்துப் பிள்ளை” என்று சொன்னதற்கு உடனடியாகக் கிடைத்த பதில் அது. விரலை உருவிக்கொள்வதற்குள் அந்தம்மா மூன்று தடவை கத்திவிட்டார். அவர்கள் கொடுத்த நாற்காலி லிஃப்ட் கதவைவிட நான்கு விரற்கடை அகலம். மாடிப்படித் திருப்பத்தில் ஈரத் துணி காயப்போடத்தான் பயன்பட்டது.

பிறகு அண்ணன் மைக்கைப் பிடித்தான்.

“என் தோள்ல வளர்ந்தவன் அவன்...” என்றதுமே குரல் உடைந்துவிட்டது. “எங்க வீட்டுத் தெய்வம். எந்த நல்ல காரியமா இருந்தாலும் அவன் முகத்துல முழிச்சுட்டுத்தான் போவேன்.”

அவள் உடம்பு கூசியது. தோளில் வளர்ந்தது பொய்யில்லை. பள்ளிக்கூட நாட்களில் அண்ணன்தான் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவான். அண்ணனுக்கு மீசை முளைத்த பிறகுதான் நின்றுபோனது. ஆனால் நல்ல காரியமாம்! அண்ணனின் கல்யாணத்தன்று பதினாறு வயசுத் தம்பி மண்டபத்து மாடியில், மெத்தைகள் அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில் இருந்தான். பெண் வீட்டாரிடம் அப்படியொரு தம்பி இருப்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவனோடு அவளும் இருந்தாள். கீழே சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பூட்டியிருக்காங்களா?”

“இல்லடா. கதவு இறுகிக்கிச்சு.”

“வெளியிலேர்ந்து இறுகிக்கிச்சா?”

சாப்பாடு இரண்டு தட்டுகளில் கதவு வரைக்கும் வந்தது. கொண்டுவந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே வைத்துவிட்டு, மறுபடி தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு போனார். மேனேஜர் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அண்ணிக்கு விஷயம் தெரிந்தது கல்யாணம் முடிந்த மூன்றாம் மாசம். சண்டை ஒன்றும் போடவில்லை, நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டாள். ஆனால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும், அவனிடம் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்ட கையோடு நேரே போய் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். அவனைத் தொட்டிருக்கக்கூட மாட்டாள். தம்பி அதைக் காதாலேயே அளந்து வைப்பான். “இன்னிக்கு நாப்பது செகண்டு. போன தடவ முப்பத்தஞ்சுதான். அழுக்கு ஏறிட்டே போறேன் போல” என்று சிரிப்பான்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் தலைவியம்மா மறுபடி எழுந்து, “இப்போது தியாகத்தின் திருவுருவம், அவருடைய சகோதரி” என்றார். “தம்பிக்காகத் திருமணமே வேண்டாம் என்று தன் வாழ்வை அர்ப்பணித்தவர்.” கைத்தட்டல் எழுந்தது.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரையுமே அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒருத்தர் பேசும்போது எதிராளியின் நெற்றியையே பார்த்துப் பேசினார். இன்னொருத்தர் சிரிப்பதை மேனேஜர் நடித்துக் காட்டியதில் அவளுக்கு வயிறு வலித்துவிட்டது. இதில் தியாகம் எங்கே வந்தது?

அந்த வார்த்தையைக் கேட்டதும் வந்த அருவருப்பு மேடையில் இருந்தவர்கள் மேல் மட்டும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் தம்பியோடு நின்றுகொண்டிருந்தாள். சலவைப் பிரிவுக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. “யாருங்க இது?” என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது: “பக்கத்து வீட்டுப் பையன். கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னாங்க.” தம்பியின் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அவள் துடைத்துவிட்டாள், நுனி விரலால், பக்கத்து வீட்டுக்காரி துடைக்கிற மாதிரியே.

நான்கு நாள் அவன் பேசவில்லை. சாப்பாடு ஊட்டினால் வாங்கிக்கொள்வான், முகத்தைப் பார்க்க மாட்டான். ஐந்தாம் நாள் காலையில், “பக்கத்து வீட்டம்மா, கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?” என்றான். அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். அன்றிலிருந்து காபி ஆறிப்போனாலும் சரி, சட்டைப் பொத்தான் மாறிப்போனாலும் சரி, அவள் அவனுக்குப் ‘பக்கத்து வீட்டம்மா’தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உள்ளே எங்கோ சுருக்கென்று தைக்கும். தியாகத்தின் திருவுருவம்! தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேடையேறினாள். மைக் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

“இந்தப் படத்துல இருக்கறது என் தம்பி இல்லீங்க” என்றாள். “அவன் வாய் மூடாது. மூடியிருந்ததே இல்ல. கெட்ட வாய் வேற. அதுலேர்ந்து வர்றதுல பாதி வசவுதான். இந்தச் சிறகு கிறகுன்னு எழுதியிருக்கே, இத அவன் சொல்லவே இல்ல. யாராவது அவன்கிட்ட போய் சிறகுன்னு சொல்லியிருந்தா, கோழிச் சிறகா வாத்துச் சிறகான்னு கேட்டிருப்பான்.”

கடைசி வரிசையிலிருந்து பெரிய சிரிப்பு ஒன்று வெடித்தது. வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிற சலூன்காரர். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாடியேறி வந்து மேனேஜருக்குச் சவரம் செய்தவர். அவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கவில்லை. முன்வரிசையிலிருந்து நாலைந்து தலைகள் திரும்பி முறைத்தன. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“தலைவியம்மா விரல அவன் புடிக்கல. கடிச்சான்” என்றாள் அவள். “பாவம்னு சொன்னதுக்கு. நான் ஒண்ணும் தியாகி இல்ல. ஒரு நாள் ரோட்டுல நின்னுக்கிட்டு, இவன் என் தம்பியே இல்லன்னு...”

அதற்குள் அண்ணன் மேடைக்கு வந்து மைக்கை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்துவிட்டான். “தங்கச்சி ரொம்ப உடைஞ்சு போயிருக்கா” என்றான் கூட்டத்தைப் பார்த்து. “அவ்வளவு பாசம். தாங்க முடியல அவளால.”

கூட்டம் கைதட்டியது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவியம்மா எழுந்து வந்து மேடையிலேயே அவளைக் கட்டிப்பிடித்தார். வாசனைத் தைலமும் வியர்வையும் கலந்து அடித்தன. எதைக் கொடுத்தாலும் சர்க்கரை தொட்டு விழுங்கிவிடுகிற கூட்டம் இது என்று அவளுக்குப் புரிந்தது. கடித்ததைச் சொன்னால் அதுவும் பாசம். வசவைச் சொன்னால் அதுவும் பாசம். பிடியிலிருந்து உருவிக்கொண்டு நேராகக் கழிப்பறைக்குப் போய், தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

முகம் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியில் பின்னால் அண்ணி நின்றிருந்தாள்.

“இப்படியா அசிங்கப்படுத்துவ? உங்கண்ணன் எவ்வளவு அலைஞ்சாரு தெரியுமா இதுக்கு?”

“எது அண்ணி அசிங்கம்?”

“நீயே சொல்லு. வாயத் தொறந்து, எச்சில் ஒழுகிட்டு இருக்கற படத்த அவ்வளவு பெருசா எப்படி வைக்கறது? நாளைக்கு இத அந்தக் கூடத்துலதான் மாட்டப் போறாங்க. சின்னப் பிள்ளைங்க வந்து போற இடம்.”

“எந்தப் பிள்ளைங்க? அங்க வரப்போறதெல்லாம் அவன மாதிரி பிள்ளைங்கதானே? அதுங்களுக்கும் வாய் மூடாது. பேரும் புகழும் வரணும்னா செத்த பிறகாவது வாய மூடிக்கணும்னு அதுங்க நெனைச்சுக்கணுமா?”

அண்ணி குழாயைத் திறந்து, சோப்பை அழுத்தி, கையைக் கழுவ ஆரம்பித்தாள். தன்னையும் மீறி இவள் மனசு எண்ணத் தொடங்கியது. பதினைந்து வரை எண்ணிவிட்டு, சகிக்காமல் வெளியே வந்தாள்.

வாசலில் சலூன்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சங்கடமாகச் சிரித்தார்.

“சிரிச்சிருக்கக் கூடாதும்மா. வாத்துன்னதும் அடக்க முடியல. அவரே பேசுன மாதிரி இருந்துச்சு.”

“நீங்க ஒருத்தராவது சிரிச்சீங்களே.”

அவர் குனிந்து ஒரு செருப்பை எடுத்தார். “கடைய எப்ப லேட்டா தொறந்தாலும் மேலேர்ந்து சத்தம் வரும். எத்தன நிமிஷம் லேட்டுன்னு விரல ஆட்டிக் காட்டுவாரு, அந்த விரலு எங்கெங்கயோ போகும், ஆனா கணக்கு தப்பாது. நேத்து வேணும்னே அரை மணி நேரம் லேட்டா தொறந்தேன். ஒருத்தரும் கேக்கல.” செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பயிற்சிக்கூடம் திறந்தது. அதே படத்தை அங்கே சுவரில் மாட்டினார்கள். அவள் போகவில்லை. படத்தை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதினாள். ‘உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்’ என்று தொடங்கி, வடிவமைப்பு இறுதியாகிவிட்டது என்று முடிகிற ஒரு பதில் வந்தது. வாய் மூடின படம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அண்ணனோடு பேச்சு நின்றுபோனது. ஒன்றரை மாசம் கழித்து, அவளுக்கு வார விடுமுறை நாள், மதியம், கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன் தனியாக வந்திருந்தான். உள்ளே வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். ஜன்னலோரம் சக்கர நாற்காலி அப்படியே இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“அவன் பேசற மாதிரி வீடியோ ஏதாவது வெச்சிருக்கியா?”

“எதுக்கு? அதுக்கும் கோட்டு போடவா?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்கு அவன் குரல் ஞாபகம் வர மாட்டேங்குது. முகம் வருது. அதுவும் அந்த மாட்டியிருக்கற முகந்தான் வருது. மத்தது போயிடுச்சு.”

அவள் போனை எடுத்தாள். போன வருஷம், அண்ணன் வந்துவிட்டுப் போன ஒரு நாள் எடுத்தது. இரண்டு நிமிஷம் ஓடுகிற வீடியோ. பச்சைச் சட்டை, பச்சைத் துண்டு. மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டி, கை வீசி, எச்சில் தெறிக்க ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனான். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

“ஒண்ணும் புரியல. என்ன சொல்றான்?”

கூடப் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று அவளுக்குக் கசந்தது.

“என்னப் பத்தி ஏதாவது சொல்றானா?” அண்ணனின் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. தம்பியின் பேச்சு தெரிந்த ஒரே ஆள் இனி அவள்தான். ‘அண்ணன்னா எனக்கு உயிரு’ என்று சொன்னதாக இப்போது அவள் சொன்னால், அண்ணன் அதை அப்படியே நம்பி, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவான். மறுப்பதற்கு யாரும் இல்லை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. சிறகு என்று எழுதினவனுக்கும் இப்படித்தான் வந்திருக்கும், நல்லெண்ணத்தோடு. அவளுக்கு நாக்கே கசந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“முதல்லேர்ந்து போடறேன். கேளு” என்றாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், அவன் சொன்னபடியே.

“‘பெரியவரு வந்தாரு. பன்னெண்டு நிமிஷம் இருந்தாரு. அதுல பத்து நிமிஷம் டிவியவே பாத்துட்டு இருந்தாரு. டிவி ஓடவே இல்ல.’”

அணைந்து கிடந்த டிவியை அண்ணன் ஒருமுறை பார்த்தான்.

“‘சின்ன வயசுல என்ன முதுகுல தூக்கிட்டு ஓடும்போது, திரும்பித் திரும்பி என் மூஞ்சியப் பாத்துட்டே ஓடுவான். ரெண்டு தடவ அதனாலயே கீழ விழுந்திருக்கோம். இப்ப மூஞ்சியப் பாக்க என்ன பயம் அவனுக்கு? அடுத்த தடவ வந்தா பக்கத்துல உக்காரச் சொல்லு. கடிக்க மாட்டேன்னு சொல்லு.’”

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. மூக்கு ஒழுகி மீசையில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இரக்கம் வந்ததா என்றால், முழுசாக வரவில்லை. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்கிற வெறுப்பு இன்னும் நெஞ்சில் மீதியிருந்தது. அழுது முடிக்கட்டும் என்று எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“கடைசியில என்னமோ ஒரு வார்த்த சொல்லிச் சிரிக்கறானே, அது?”

“எருமமாடு.”

“என்னயா?”

“உன்னத்தான்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத எனக்கு அனுப்பி வை” என்றான்.

“அனுப்ப மாட்டேன். வேணும்னா இங்க வந்து பாரு.”

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரமும். தம்பியின் வீடியோக்கள் அவளிடம் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒரு தடவைக்கு ஒன்று என்றுதான் காட்டினாள். அண்ணியைப் பற்றி அவன் பேசினதையும் மறைக்காமல் காட்டினாள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போனான். அதோடு இனி வர மாட்டான் என்றே நினைத்தாள். வந்தான்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே யாரையோ பார்த்துக் கத்துகிற ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான். மறுபடி போடச் சொன்னான். காதைப் போனோடு ஒட்டிவைத்துக் கேட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னான்.

“எருமன்னு சொல்றான்” என்றான். “அதானே?”

“அதேதான்” என்றாள் அவள்.